சத்தமில்லாத அரை நிமிடம்

வேலு,

நீ மாற்றலாகி ஆந்திரா பக்கம் யானம் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து நாம் தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். சாப்பிட்டியா என்கிறேன், ஆச்சுப்பா என்கிறாய். அங்கே வெயில் எப்படி என்கிறேன், நம்மூர் மாதிரிதான்பா என்கிறாய். அதற்குள் உன் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று எனக்குள் இருக்கிறது. போனில் கேட்டால் "டூட்டிக்கு நேரமாச்சுப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மின்சார ஆபீசுக்கும் கரும்பு ஆலைக்கும் மனு எழுதியதைத் தவிர நான் நீளமாக எதுவும் எழுதிப் பழகியவன் இல்லை. எங்காவது சுற்றி வளைத்துப் போனால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. சமைக்கும்போது படிக்காதே, உட்கார்ந்து படி.

விழுப்புரத்தில் உன்னை ரயிலேற்றிவிட்ட அன்று, பிளாட்பாரத்தில் நீ இரண்டு மூன்று முறை திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் பார்த்ததை நான் கவனித்தேன். யாராவது வருவார்கள் என்று நினைத்திருப்பாய். இத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்களில் ஒருவனாவது வந்து கை கொடுப்பான் என்று நானும் நினைத்தேன். யாரும் வரவில்லை. உன் அம்மா புளிசாதத்தைப் பையில் எந்தப் பக்கம் வைத்திருக்கிறாள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "எம்புள்ள இன்னா தப்பு பண்ணான், இவ்ளோ தூரம் அனுப்பறாங்க" என்று கேட்டாள். அது தண்டனை இல்லை, மாற்றல்தான் என்று சொன்னேன். உத்தரவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அது எனக்குத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நம் ஒதியம்பட்டு வந்து இறங்கியதும் எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்துபோய்விட்டாள்.

சட்டையில் மாட்டும் கேமரா உங்கள் ஜெயிலுக்கு வந்த புதிதில் நீ வீட்டில் அதைப் பற்றிச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் போனைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி சொருகிக்கொண்டு, இந்த இடத்தில்தான் இருக்கும் என்று காட்டினாய். "அது எப்பவும் பாத்துக்கினேதான்பா இருக்கும். ஆனா வெச்சிக்காது. நாம பட்டன அமுத்துனாதான் செவப்பு லைட்டு எரியும், அதுலேருந்து எல்லாத்தையும் புடிச்சி வெச்சிக்கும். அமுத்தறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் மட்டும் படமா வரும், சத்தம் வராது" என்றாய். முன்னாடி உள்ளது எதற்கு என்று அம்மா கேட்டாள். "நாங்க கைய வெக்கறதுக்குள்ள நடந்துடுதில்ல, அது தெரியணும்ல" என்றாய். உன்னையும் காட்டுமா என்று நான் கேட்டேன். "மாட்டியிருக்கறவன காட்டாதுப்பா, எதிர்ல இருக்கறவங்களதான் காட்டும்" என்று சிரித்தாய்.

உங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. தணிகாசலம் வெளிப்படையாகவே சொன்னார். உங்கள் தலைமை வார்டர் அவர், உள்ளே அவர் பேச்சுக்கு இருந்த மரியாதை அதிகாரிகள் பேச்சுக்குக்கூட இல்லை என்று நீயே சொல்வாய். நம் வீட்டுக் கல்யாண விஷயம் பேச வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ குடித்துக்கொண்டே, "இத்தினி வருஷம் எங்க கண்ண நம்பி கெவுர்மெண்ட்டு ஜெயில வுட்டுது. இப்ப எங்க கண்ணு மேலயே ஒரு கண்ணு" என்றார். கைதிகளுக்கும் பிடிக்கவில்லையாமே. பார்க்க வந்த மனைவி முன்னால் அழுத ஒரு பெரியவர், அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கோ சார் என்று உன்னிடம் கேட்டாராம். நீ திரும்பி நின்றதாகச் சொன்னாய். அன்று எனக்கு உன்மேல் பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.

நான் அன்று கேமரா பக்கம்தான் பேசினேன். கரும்பு ஆலையில் எடை எவ்வளவு என்று உள்ளே இருப்பவனுக்கு மட்டும் தெரிந்த காலத்தில், எடை போடுகிறவனை நாங்கள் எல்லோரும் திருடன் என்றே பேசுவோம். பிறகு வண்டிக்காரன் பார்க்கும்படி வெளியே பெரிய பலகை வைத்தார்கள். அதில் அதிகம் சந்தோஷப்பட்டது அந்த எடைக்காரன்தான். இனிமேல் யாரும் என்னை முறைக்க மாட்டீங்க என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். நேர்மையாக இருக்கிறவனுக்கு இது காவல்தானே என்று தணிகாசலத்திடம் கேட்டேன். அவர், "கரும்பு திருப்பிப் பேசாது மாமா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தப் பேச்சில் எவ்வளவு இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு உனக்கே ஒரு சோதனை வந்தது. சோற்றுத் தட்டை நீ காலால் தள்ளினாய் என்று ஒரு கைதி மேலதிகாரியிடம் புகார் கொடுத்தான். கேமராவில் இருந்ததை எடுத்துப் பார்த்தார்கள். அவன் கையாலேயே அவன் தட்டைத் தட்டிவிட்டது தெளிவாக இருந்தது. பத்து பேர் சாட்சி சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள், இது சொன்னதும் நம்பினார்கள் என்று அம்மாவிடம் சொன்னாய். அதிலிருந்து உனக்கு அந்தப் பொருள்மேல் ஒரு பற்று வந்துவிட்டது. சத்தம் லேசாக எழுந்தாலே உன் விரல் தானாக அங்கே போக ஆரம்பித்தது. வீட்டில் நானும் அம்மாவும் குரலை உயர்த்திப் பேசினால்கூட, உன் கை மார்புப் பக்கம் போய்த் திரும்பும். விளையாட்டாகச் செய்கிறாய் என்று அவள் நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை.

தணிகாசலத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது ஊரில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவன் உன்மேல் காறித் துப்பினான், நீ வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்லிக் குப்புறப் படுத்துக்கொண்டாய். அவர்தான் ஸ்கூட்டரில் வீடு தேடி வந்து, உன்னை எழுப்பி, வில்லியனூர் தேரடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் டிபன் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அங்கே என்ன பேசினார் என்று நீ சொன்னதில்லை. அடுத்த நாள் நீ வேலைக்குப் போனாய். உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் வேண்டும் என்றார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் டூட்டி முடித்த வார்டர்களை அப்படியே சீருடையோடு கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவார். அந்த வீட்டில் அவர் மனைவி மல்லிகா உனக்குப் போட்ட சோற்றுக்குக் கணக்கே கிடையாது.

அவருடைய ஒரே பெண் தை மாதத்தில் சொல்லாமல் ஒரு பையனோடு போய்விட்டாள். மறுநாளே அவர் வேலைக்கு வந்ததாகவும், யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்பதுபோல நடந்துகொண்டதாகவும் நீ சொன்னாய். யாரும் கேட்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து செய்தி ஜெயிலுக்குள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? திருக்கனூர் பக்கத்துப் பையன் சிவராஜ், ஒரு தகராறில் ஒருவன் தாடையை உடைத்துவிட்டு விசாரணைக் கைதியாக வந்திருந்தவன், தண்ணீர்த் தொட்டியண்டை அவர் போகும்போது அவருடைய பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எந்தத் தகப்பனுக்கும் கை துடிக்கும் வார்த்தைதான். ஆனால் அவர் கையில் லத்தி இருந்தது, அவன் பின்னால் சுவர் இருந்தது.

அன்று நீ வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் போய் நின்றுகொண்டாய். மோட்டார் போடவில்லை, சும்மா நின்றாய். நான் வந்து கேட்டபோது, "அண்ணன் ஒருத்தன அடிச்சிட்டாருப்பா. காதுல ரத்தம் வந்துடுச்சி. எங்கிட்ட எல்லாம் பதிவாயிருக்குது" என்றாய். எப்படிப் பதிவானது என்றேன். "நான்தான் அமுத்துனேன்" என்றாய். வேறு ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். "அமுத்துனதும் நிறுத்திட்டாரு" என்று மட்டும் சொன்னாய்.

வழக்கு வந்தது, அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். உன்னைச் சாட்சியாகப் போட்டார்கள். நீ இல்லாத நேரம் பார்த்து ஒரு சாயங்காலம் தணிகாசலம் நம் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேட்டியில் ஆள் சின்னதாகத் தெரிந்தார். அம்மா காப்பி கொடுத்தாள், அவர் அதைத் தொடவில்லை.

"மாமா, ஒண்ணுதான் கேக்கறேன். அந்த அரை நிமிஷத்துக்கு முன்னாடி இன்னா நடந்துதுன்னு எந்த கேமராவுலயும் இல்ல. அவன் மொதல்ல என் லத்திய புடிச்சி இழுத்தான்னு வேலு ஒரு வார்த்த சொல்லட்டும். அதுபோதும். நான் பென்ஷனோட வூட்டுக்குப் போயிடறேன்."

"அவன் இழுத்தானா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இழுத்தான்னு வெச்சிக்கங்களேன்" என்றார்.

உன்னிடம் கேட்கிறேன் என்றும் நான் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து போகும்போது அம்மா வாசல்வரை போனாள். உள்ளே வந்து என்னிடம், "எனக்கு ஒடம்புல ஓடறது அவரு கூட்டினு வந்த ஆளுங்க ரத்தம்" என்றாள். நீ வந்த பிறகு சாப்பாடு போட்டுக்கொண்டே உன்னிடம் அதைச் சொன்னாள். "ஒரு வார்த்த தானடா. அந்தப் பையனும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. இன்னாத்துக்கு அண்ணன் குடும்பத்த தெருவுல நிறுத்தற?" என்றாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். என் பக்கம் பார்த்தாய். நீ பார்த்ததைச் சொல்லு என்றேன். அப்பன் என்கிற முறையில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். அதற்கு நீ சொன்ன பதில்தான் இத்தனை நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "பார்த்தத சொல்லிடலாம்பா. செய்யாதத எப்படி சொல்றது?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய்.

கோர்ட்டில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டிய அன்று நான் பின் பெஞ்சில் இருந்தேன். வரவேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய், நானும் சரி என்றேன், ஆனால் வந்தேன். பக்கவாட்டில் ஒரு டிவி வைத்திருந்தார்கள். முதலில் சத்தமில்லாத படம். நீளமான தாழ்வாரம், தொட்டிக் குழாயடியில் வழிகிற வாளி, தணிகாசலத்தின் முதுகு. அவர் கை ஏறி இறங்கியது. அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தான். சத்தமில்லாமல் ஒருவன் அடி வாங்குவதைப் பார்ப்பது சத்தத்தோடு பார்ப்பதைவிடக் கொடுமை வேலு. என் கண் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு உன்னைத் தேடிக்கொண்டிருந்தது. கேமரா உன் மார்பில் இருக்கிறது, நீ அதில் வரமாட்டாய் என்று தெரிந்தும் தேடினேன். படம் அசையவில்லை. முன்னால் போகவில்லை, பின்னால் போகவில்லை. அப்படியென்றால் நீ நின்ற இடத்திலேயே நின்றாய்.

நடுவில் ஒரு கணம் தணிகாசலம் தலையைத் திருப்பி கேமராவை நேராகப் பார்த்தார். யாராவது கூப்பிட்டால் திரும்புவோமே, அந்த மாதிரி. பிறகு மறுபடி அவன் பக்கம் திரும்பி ஓங்கினார். அந்த அடிதான் அவன் காதின்மேல் பட்டது என்று டாக்டர் சர்டிபிகேட்டை வைத்து அரசு வக்கீல் சொன்னார். அதற்குப் பின்னால் சத்தம் வந்துவிட்டது. முதலில் கேட்டது தண்ணீர் வழிகிற சத்தம். பிறகு அவன், "அண்ணா வாணாண்ணா, வாணாண்ணா" என்றான். தணிகாசலம், "இன்னாடா அமுத்தற? நிறுத்துடா அத" என்றார். கடைசியாக உன் குரல். "வுடுங்கண்ணா. லைட்டு எரியுது." மிரட்டலாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. சிறு வயதில் கொட்டகைப் பக்கம் பாம்பு இருக்கிறது என்று என்னிடம் சொல்ல வந்தபோது இருந்த குரல் அது. அவர் கையை இறக்கிவிட்டார். உன் இரண்டு கைகளும் படத்துக்குள் வந்து அவனைத் தூக்கின. அந்தப் படத்தில் உன்னுடையதாக நான் பார்த்தது அந்தக் கைகளை மட்டும்தான்.

தணிகாசலத்தின் வக்கீல் உன்னைக் கேட்டதெல்லாம் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. அவன் லத்தியைப் பிடித்து இழுத்தானா என்று கேட்டார். "நான் வந்தப்ப அவன் கீழ உக்காந்துனு இருந்தான் ஐயா. இழுத்தத நான் பாக்கல" என்றாய். எதிரே தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதவறி அமுக்கிவிட்டீர்களா என்று வக்கீல் கேட்டார். "இல்லீங்க. தெரிஞ்சிதான் அமுத்துனேன்" என்றாய். அதுவரைக்கும் உன் குரல் உறுதியாக இருந்தது. பிறகு அவர் நிதானமாக ஒன்று கேட்டார். "சரி. லைட் எரியறதுக்கு முன்னாடி, உங்க கண்ணெதிர்ல ஒருத்தர் அடிபடறாரு. ஓடிப் போய்த் தடுத்தீங்களா?" இல்லை என்றாய். "வாயாலயாவது நிறுத்துங்கன்னு சொன்னீங்களா?" நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "நெனப்பு இல்லீங்க" என்றாய். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். சாப்பிடும்போது உன் பக்கத்தில் உட்கார்வதை உன்கூட வேலை பார்த்தவர்கள் நிறுத்தினார்கள். நீ வந்தால் பேச்சை மாற்றினார்கள். பாகூரிலிருந்து பெண் கொடுப்பதாக இருந்த அரிசி மண்டிக்காரர் ஆள் அனுப்பி, கொஞ்ச நாள் போகட்டும் என்று சொன்னார். வந்த ஆள் போகிற போக்கில், "கூட இருக்கறவனையே காட்டிக் குடுக்கற பையன்னு சொல்றாங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனான். உன் அம்மா அதை உன்னிடம் மறைத்தாள், நீ எப்படியோ தெரிந்துகொண்டாய். யானம் என்று உத்தரவு வந்தபோது உன் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரைவிட்டுப் போவதில் நிம்மதி வரும்படி உன் வயதில் ஒருவனுக்கு ஆகக்கூடாது.

போன வாரம் திருக்கனூர் சந்தையில் சிவராஜைப் பார்த்தேன். ஜாமீனில் வந்திருக்கிறான். மணிலாக் கடலை மூட்டை ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். யாரோ கூப்பிட்டதும் தலையை முழுக்கத் திருப்பி, நல்ல காதை அந்தப் பக்கம் கொடுத்துக் கேட்டான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. உன்னால்தான் அவன் இன்னும் இரண்டு அடி வாங்காமல் தப்பினான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்தாலும் நினைப்பானா, எனக்குத் தெரியவில்லை. என் பக்கத்தில் நின்றவரிடம் அவன் ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தான். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் காதைத் திருப்பிய விதம் கண்ணைவிட்டுப் போகவும் இல்லை. ஒருவன் நல்லவனாக இருந்தால்தான் அவனை அடிக்கக்கூடாது என்று இல்லையே. நீ அமுக்கியது சரி. இதை நான் போனில் ஒருதரமும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நீ அங்கே போயும் சட்டையில் அதைத்தான் மாட்டிக்கொள்ளப் போகிறாய். புது ஆட்கள், புது பாஷை. உன்னைப் பற்றிய பேச்சு உனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஒதுங்கி உட்காராதே. அவர்கள் கூப்பிடாவிட்டாலும் சோற்றை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார். தெலுங்கில் நாலு வார்த்தை கற்றுக்கொள், முதலில் பேர் சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொள். மறுபடி ஒரு நாள் அப்படி ஒன்று உன் எதிரில் நடக்கும், ஜெயிலில் நடக்காமல் இருக்காது. அப்போது அந்த ஆளை முதலில் வாயால் கூப்பிடு. பெரிய அதிகாரியாக இருந்தாலும் கூப்பிடு. கேட்காவிட்டால் பட்டனை அமுக்கு, குறுக்கே போய் நில். கேமரா நடந்ததைச் சொல்லும். நடக்காமல் தடுக்கிற வேலையை அதன் தலையில் போட்டுவிட்டு நாம் நிற்கக்கூடாது. வயலில் நின்றுகொண்டு இதைச் சொல்வது எனக்குச் சுலபம். அந்தத் தாழ்வாரத்தில் உன் இடத்தில் நான் நின்றிருந்தால் பட்டனைக்கூட அமுக்கியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவந்த கை என்று பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன். இதையும் நீ தெரிந்துகொள்.

இப்போது நான் கேட்க வந்ததுக்கு வருகிறேன். முந்தாநாள் காலையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். வரப்பில் மல்லிகா வந்து நின்றாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே நின்றாள். வீட்டுக்கு வாம்மா என்றேன், அக்காவைப் பார்க்க எனக்கு முகம் இல்லை என்றாள். தீர்ப்பு வரும்வரை தணிகாசலம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாராம், பெண் போன் செய்தால்கூட எடுப்பதில்லையாம். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டை போடவில்லை.

"ஒண்ணு கேக்கணும் மாமா. எனக்கு மனசு ஆறல. வேலு அவர அண்ணன்னு கூப்பிட்டுனு எங்க வூட்டுல துன்ன புள்ள. அவரு அடிச்சது தப்பு. அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் ஒரு கொரலு குடுத்திருந்தா அவரு நின்னிருப்பாரே. அவன் சொன்னா கேப்பாரு, அது அவனுக்கே தெரியும். அவர்கிட்ட சொல்லாம மெஷின்கிட்ட ஏன் சொன்னான்?"

மடையில் தண்ணீர் உடைத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கோர்ட்டில் பார்த்த படம்தான் கண்ணில் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்த அந்த ஒரு கணம். நீ கூப்பிட்டுத்தான் திரும்பினாரா, இல்லை யாரோ நிற்பது தெரிந்து தானாகத் திரும்பினாரா. செய்யாததை எப்படிச் சொல்வது என்று நீ கேட்டாயே, அது நீ சும்மா நின்றதைச் சொன்னதா, இழுக்காத லத்தியைச் சொன்னதா. இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

"சொன்னாம்மா" என்றேன். "மொதல்ல அவர்கிட்டதான் சொன்னான். அண்ணான்னு கூப்பிட்டான். அவரு திரும்பிக்கூட பாத்தாரு. அந்த நேரத்துல சத்தம் பதிவாகாது, அதனால யாருக்கும் தெரியல. கோர்ட்டுல அத சொன்னா அவருக்கு இன்னும் கெடுதல்னு இவன் வாய மூடிக்கினான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவருதான் கேக்கல" என்றாள். அவள் செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வரப்போடு போய்விட்டாள். சாயங்காலம் நம் வீட்டுக்கு ஒரு தூக்குப்பாத்திரத்தில் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் சொன்னது உண்மையாக இருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. இல்லையென்றால், ஒரு பெண்பிள்ளை இப்போது தன் புருஷன்மேல் ஒரு பழி அதிகமாகப் போட்டுக்கொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், அதைப் போட்டது நான். நீ கூப்பிட்டாயா வேலு? ஆமாம் என்றாலும் எழுது, இல்லை என்றாலும் எழுது. எதுவானாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றம் இல்லை. இல்லை என்று வந்தால் நான் மல்லிகா வீட்டுக்குப் போய், அன்று வரப்பில் சொன்னது என் வாயில் வந்தது, பிள்ளை சொன்னதில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். அதற்கு நீ லீவு போட்டு வரவேண்டாம். சொன்னவன் நான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா